புவனாவின் ஃபுல் ஸ்பெக் காடி

எங்கள் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களில், தான் ஓட்டுவது என்ன காடி என்று தெரிந்து வருகிறவர்கள் பத்துக்கு இரண்டு பேர். மற்ற எட்டுப் பேருக்கும் காடிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற எழுத்துதான் தெரியும். “மெலோர் காடிக்கு முன் பிரேக் ஒரு செட்டு குடுங்கக்கா” என்பான். “மெலோர்ல என்ன மெலோர்?” என்று கேட்டால் போதும், முகம் சுண்டிவிடும். “ஃபுல் ஸ்பெக் லா. பாத்தா தெரியலையா?” பார்த்தால் தெரியாது. பார்த்தால் தெரிகிற மாதிரி இந்த ஊரில் எவன் காடி வைத்திருக்கிறான்?

பாரிட் புந்தார் ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறேன். ஆம்பளைகள் வந்தால் முதலில் என் தலைக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள், முதலாளி தவுக்கே இருக்கிறாரா என்று. அவர் உள்ளே பால் விடாத கோப்பி ஓ குடித்துக்கொண்டே, “தெய்வானகிட்ட கேளு” என்பார். நான் ஒரே வார்த்தைதான் சொல்வேன். “பொனட்டத் தொற.” பொனட்டுக்குள்ளே, உள்சுவரில், உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு இருக்கும். காடி வெறும் பேசிக்கா, நடுத்தரமா, எல்லா வசதியும் சேர்ந்த ஃபுல் ஸ்பெக்கா என்று அதில்தான் பச்சையாக எழுதியிருக்கும். அதைத் துடைத்துப் படிக்காமல் நான் ஒரு ஸ்க்ரூ கூட விற்கிறதில்லை. ஒருவனுக்குத் தப்பான பிரேக்கைக் கொடுத்துவிட்டு அவன் வீட்டுக் கருமாதிக்குப் போய் உட்கார எனக்கு விருப்பமில்லை.

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒட்டுகிற அந்த எழுத்தையும் நான்தான் விற்கிறேன். கவுண்டரில் கண்ணாடிப் பெட்டி, அதற்குள்ளே பளபளவென்று எழுத்துகள். ஒரு செட்டு பதினெட்டு வெள்ளி. பேசிக் காடி வாங்கினவன் ஃபுல் ஸ்பெக் எழுத்தை வாங்கி ஒட்டுவான். ஃபுல் ஸ்பெக் வாங்கினவன் அதைப் பிடுங்கிவிட்டு ரேஸ் காடி எழுத்தை ஒட்டுவான். தன் யோக்கியதையோடு ரோட்டில் போகிற காடி, நகராட்சிக் குப்பை லாரி ஒன்றுதான்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம். அறுவடை நேரம். வயலில் வைக்கோலைக் கொளுத்திவிட்டிருந்தார்கள், ஊரே புகை மூட்டத்தில் கிடந்தது. கண்ணெல்லாம் எரிச்சல். கடைக்கு முன்னால் ஒரு வெள்ளை மெலோர் வந்து பிரேக் கிறீச்சிட நின்றது. புவனேஸ்வரி இறங்கினாள். எங்கள் தாமான் குடியிருப்பில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் எடுத்து நடத்துகிறவள். கோழி கூவுமுன் எழுந்து, நாசி லெமாக் பொட்டலம் கட்டி, மீகூன் சேமியா பிரட்டி, வடை சுட்டு, சட்டியும் பானையுமாகப் பின் சீட்டை நிரப்பிக்கொண்டு பதினெட்டு மைல் ஓட்டிப் போவாள். அந்தக் காடிக்குள் தலையை விட்டால் எந்நேரமும் நெத்திலிச் சம்பல் வாசம்தான்.

“அக்கா, வெளிய வாங்க. என் காடியக் கொஞ்சம் பாருங்க.”

“என்னா ஆச்சு? ஏன் மூஞ்சி அப்பிடி இருக்கு?”

“நீங்க பாருங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க, இது என்ன காடின்னு.”

ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

“பள்ளிக்கூடத்துல பெரிய டீச்சர் வச்சிருக்கறதும் மெலோர்தான். நான் வாங்குன அதே வருஷம், அதே ஃபுல் ஸ்பெக். அவங்களுக்குக் கம்பெனியிலருந்து கடுதாசி வந்திருக்கு. ஏர்பேக்குல என்னமோ கோளாறாம், கொண்டாந்தா சும்மாவே மாத்தித் தாராங்களாம். எனக்கு வரல. சரி, அட்ரஸ் தப்பாப் போச்சோன்னு நானே இன்னைக்கு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்க இருந்த மலாய்க்காரப் பொண்ணு சேசி நம்பரத் தட்டுது, என்னயப் பாக்குது, மறுபடியும் தட்டுது. ‘உங்க காடி இந்த லிஸ்டுலயே இல்லக்கா’ங்குது. ஏன்னு கேட்டா, ‘இது பேசிக். இதுல ஏர்பேக்கே கெடையாது’ங்குது. எனக்குப் பின்னால நின்னவனுங்க சிரிக்கறானுங்கக்கா.”

“கம்ப்யூட்டர்ல தப்பு இருக்கும்” என்றேன். அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னேன்.

பொனட்டைத் திறந்தேன். தகட்டின் மேல் ஏழு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். பேசிக்குக்கு என்ன எழுத்தோ அதுதான் இருந்தது. சாவியைத் திருப்பச் சொன்னேன், எஞ்சினைக் கிளப்பாமல். ஏர்பேக் இருக்கிற காடியில் சாவியைத் திருப்பினதும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து அணையும். எண்ணெய் விளக்கு எரிந்தது, பேட்டரி விளக்கு எரிந்தது, கதவு விளக்கு எரிந்தது. அந்த விளக்கு மட்டும் எரியவில்லை. எரிய அங்கே விளக்கே இல்லை. குனிந்து ஸ்டேரிங்குக்கு அடியில் டார்ச் அடித்தேன். ஏர்பேக் வயருக்கு மஞ்சள் உறைதான் போடுவார்கள். கறுப்பு வயர் இருந்தது, பச்சை இருந்தது. மஞ்சள் இல்லை.

“இங்க எழுதியிருக்கே!” என்று ஸ்டேரிங்கின் நடுவில் தட்டினாள். “இங்க பாருங்க, ஏர்பேக்குன்னு அச்சடிச்சிருக்கு. பிள்ள உக்கார்ற பக்கமும் எழுதியிருக்கு.”

பிள்ளை உட்காருகிற பக்கம் டேஷ்போர்டில் இருந்த எழுத்தை நகத்தால் சுரண்டினேன். முதல் எழுத்து என் நகத்தோடு வந்துவிட்டது.

புவனா அதை என் விரலிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கறுப்புப் பிளாஸ்டிக், அரிசி மணி அளவு.

“எதுக்கு ஃபுல் ஸ்பெக் வேணும்னு அடம் புடிச்சேன் தெரியுமாக்கா? ரேடியோக்கா? அலங்காரத்துக்கா? பின் சீட்டுல சட்டி பானை, பிள்ள முன்னாலதான் உக்காரணும், ரெண்டு பக்கமும் ஏர்பேக் இருக்கற காடிதான் வேணும்னு சொன்னேன். எங்கண்ணன்தான் முன்பணம் குடுத்தாரு. ஏழு வருஷமா எம்பிள்ளைய எது முன்னாடிக்கா உக்கார வச்சிருக்கேன்? ஒரு ஸ்டிக்கர் முன்னாடியா?”

“வித்தவன் யாரு?”

“தியோ அங்கிள். பெரிய ரோட்டு ஷோரூம். பாவி, மூஞ்சியப் பாத்தா பச்சப் புள்ள மாதிரி இருப்பான்.”

எனக்கு அப்போதே உறுத்தியது. ஷோரூம்காரன் ஏமாற்ற நினைத்தால் கணக்கில் ஏமாற்றுவான், கடுதாசியில் ஏமாற்றுவான். உட்கார்ந்து கோந்து தடவி எழுத்து ஒட்ட மாட்டான். இது ஒர்க்‌ஷாப் வேலை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். புருஷன் பெஞ்சாதி வீட்டு விவகாரம், நாம் ஏன் நடுவில் என்கிற கோழைத்தனம்தான், வேறென்ன.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டியிருக்கவில்லை. கேண்டீனில் மிஞ்சிய மீகூனைத் தட்டில் போட்டு, பெரியவளைப் போலத் தானே சம்பல் ஊற்றிக்கொண்டு, மகள் தனுஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வயசு. புவனாவின் புருஷன் குணசேகரன் அப்போதுதான் அரிசி ஆலையிலிருந்து வந்தான். புருவத்திலும் காதுமடலிலும் உமித் தூசி. மூட்டை தூக்குகிற வேலையில் ஆரம்பித்து இப்போது மெஷின் பார்க்கிறவன். நல்ல மனுஷன் என்றுதான் தாமானில் பேர். குடி கிடையாது. யார் வீட்டில் சாவென்றாலும் பந்தல் கட்ட முதல் ஆளாக நிற்பான்.

புவனா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குழாயடியில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தான். மெதுவாகக் குடித்தான். குடித்து முடிக்கிற வரைக்கும் அவன் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு தம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு ஆரம்பித்தான்.

“அந்தக் கெழவன நான் விட மாட்டேன்! எவ்ளோ தைரியம் இருந்தா தமிழன்கிட்ட இந்த வேலையக் காட்டுவான்? ஃபுல் ஸ்பெக்குன்னு சொல்லிப் பேசிக்க தலையில கட்டிருக்கான். நாளைக்கே போறேன். ஷோரூம் கண்ணாடி ஒண்ணு மிச்சம் இருக்காது.”

“கத்தாதீங்க. மொதல்ல பேப்பர் எங்க?”

“லோன் முடியாம காடி கிராண்ட் பத்திரம் எப்பிடிக் கைக்கு வரும்? எல்லாம் பேங்குல இருக்கு. பேப்பர் எதுக்கு? நான் இருக்கேன் சாட்சி. ஃபுல் ஸ்பெக் கேட்டேன், ஃபுல் ஸ்பெக்குன்னு சொல்லிக் குடுத்தான்.”

புவனா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தன் முன்பற்களைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு மேல்பல் இரண்டு கட்டுப்பல் என்று எனக்குத் தெரியும். கழற்றி நான் பார்த்ததில்லை.

“நாலு வருஷத்துக்கு முந்தி மழையில நெல்லு லாரிக்குப் பின்னால இடிச்சேன்ல? ஸ்டேரிங்ல வாய் மோதி ரெண்டு பல்லும் போச்சு. ஆஸ்பத்திரியில படுத்துகிட்டு உங்களக் கேட்டேன், ஏன்ங்க ஏர்பேக்கு வரலன்னு. இடி அந்த அளவுக்குப் பலமில்ல புவனா, பலமா இடிச்சாத்தான் வரும்னு சொன்னீங்க. நானும் நம்புனேன். உங்களயும் அவன் ஏமாத்திருக்கான் பாருங்க.”

“ஆமா” என்றான் குணா. “அதான்... அதான் சொல்றேன். விட மாட்டேன்.”

உடனே போனை எடுத்து அவள் அண்ணன் தனபாலனைக் கூப்பிட்டான். அடுத்து ஆலைக் கூட்டாளிகள் இரண்டு பேரை. பிறகு மறுபடி அண்ணனை. அவள் கோபத்தை விட அவன் கோபத்துக்குச் சத்தம் அதிகமாக இருந்தது. ஒப்பாரி வீட்டில் பங்காளி போடுகிற கூச்சல் மாதிரி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வெயில் மண்டையைப் பிளந்தது. தகடு படிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். மெலோரை ஷோரூம் வாசலில் நிறுத்தினோம். தனபாலன் தன் வேனில் வந்தார். கனத்த ஆள், லாரி டயர் வியாபாரம், அதிகம் பேசமாட்டார். வீட்டில் தனியாக விட முடியாது என்று தனுஜாவையும் கூட்டி வந்திருந்தாள் புவனா.

தியோ தமிழ் பேசுகிற சீனர், அறுபது வயசு இருக்கும். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. எங்களைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க, வாங்க, காடி மாத்தப் போறீங்களா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் குணா அவர் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

“ஏமாத்துக்காரக் கெழவா! பேசிக்க வித்துட்டு ஃபுல் ஸ்பெக்குன்னு சொன்னியா?”

“ஐயோ, கைய எடு! நான் எப்ப சொன்னேன்?”

பொத்தான் தெறித்து டைல்ஸ் தரையில் உருண்டது. தனபாலன் குறுக்கே கையை விட்டு இருவரையும் பிரித்தார். “மாப்பிள்ள, இருங்க. பேசட்டும்.”

தியோ மூச்சு வாங்கிக்கொண்டு புவனாவைப் பார்த்தார். “அம்மா, நீ நல்லா யோசி. புக் பண்றப்ப நீ வந்த, ஃபுல் ஸ்பெக்தான் எழுதுனோம். வாஸ்தவம். ஆனா பேங்க் அதுக்கு லோன் குடுக்கல. பேசிக்குக்குத்தான் குடுத்துச்சு. உன் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். பரவால்ல அங்கிள், பேசிக்கே குடுன்னு சொன்னாரு, கையெழுத்துப் போட்டாரு.”

“பொய்! பச்சப் பொய்!”

“டெலிவரிக்கு நீ வரல. அவரு தனியாத்தான் வந்தாரு.”

“நான் எங்கம்மா வீட்டுல பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் வச்சுகிட்டுக் காத்துகிட்டிருந்தேன்” என்றாள் புவனா. “நம்பர் பிளேட் வரலன்னு ஒரு வாரம் லேட்டாத்தான் காடி வந்துச்சு.”

“நம்பர் பிளேட்டா? அதப் போட்டுத்தானேம்மா காடியக் குடுத்தேன்.”

“பேப்பரக் காட்டு! பேப்பர் இருக்கா?” என்று குணா கத்தினான்.

“ஏழு வருஷத்துப் பேப்பர நான் எங்க போய்த் தேடுவேன்? வெள்ளத்துல எல்லாம் போச்சு.”

“பாத்தியா புவனா? பேப்பர் இல்லையாம்! வாங்க மச்சான், போலீசுக்குப் போவோம். இவன் பேர் நாளைக்குப் பேப்பர்ல நாறணும். இவனை எவனும் வேலைக்கு வைக்கக் கூடாது.”

புவனா தியோவைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. எச்சில் துப்பாததுதான் பாக்கி. “உங்களுக்குப் பேரப்பிள்ளைங்க இருக்கா அங்கிள்? இருந்தா, அதுங்கள இந்தக் காடியில முன்னால உக்கார வைங்க, நான் ஓட்டறேன்” என்றாள். தியோ குனிந்து பொத்தானைத் தேடினார். அது இரண்டு தரம் நழுவிப் போனது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கோழையாக ஒரு நாள் இருந்தது போதும்.

“போலீசெல்லாம் இருக்கட்டும். ஸ்டேரிங் மூடியக் கழட்டிப் பாத்துரலாம்” என்றேன். “கம்பெனியில செஞ்சதா, வெளிய செஞ்சதான்னு உள்ள பாத்தா தெரிஞ்சிரும். பின்னால ரெண்டே ஸ்க்ரூதான்.”

“அதெல்லாம் வேணாம்!” குணாவின் குரல் உடைந்தது. “அது... அது எவிடன்ஸ். போலீஸ்தான் தொறக்கணும். நீங்க பார்ட்ஸ் கடைக்காரி, ஒங்க வேலையப் பாத்துகிட்டுப் போங்கக்கா.”

“இதான் என் வேல.”

தனபாலன் வேனிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார். குணாவை ஒரு பார்வை பார்த்தார். அவன் காடிக் கதவில் சாய்ந்து நின்றிருந்தான், நகரவில்லை. “மாப்பிள்ள, கொஞ்சம் தள்ளுங்க.”

குணா தள்ளி நின்றான்.

புவனாவே உட்கார்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொள்ள, நான் ஸ்க்ரூவைக் கழற்றினேன். மூடி லேசில் வரவில்லை. சுற்றி கோந்து. ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். டப்பென்று மூடி கழன்று, ஹார்ன் வயர் பிய்ந்து என் கையோடு வந்தது. மூடியின் பின்பக்கம் பார்த்ததும் புரிந்துவிட்டது. இடித்து நொறுங்கின வேறு ஏதோ காடியிலிருந்து பிடுங்கின ஸ்டேரிங். வெடித்து முடிந்த பையை வெட்டி எறிந்துவிட்டு, கிழிந்த மூடியைப் பின்னாலிருந்து ஒட்டுப் போட்டிருந்தார்கள். எவன் மூஞ்சியைக் காப்பாற்றினதோ, எவனைக் காப்பாற்றாமல் விட்டதோ.

உள்ளே, பை இருக்க வேண்டிய குழியில், ஒரு துணி. மூடி ஆடிச் சத்தம் போடாமல் இருக்கச் சுருட்டித் திணித்திருந்தது. புவனா அதை உருவினாள். உருவ உருவ வந்தது. நீலச் சட்டையின் முன்பாதி. பாக்கெட்டுக்கு மேலே அரிசி ஆலையின் முத்திரை. அதற்குக் கீழே சிவப்பு நூலில் பேர் தைத்திருந்தது. அவள்தான் தைத்தது. ஆலையில் ஒருத்தன் சட்டையை ஒருத்தன் மாற்றி எடுத்துப் போகிறான் என்று எல்லாச் சட்டையிலும் அவள்தான் தைத்துக் கொடுப்பாள்.

குணசேகரன் என்று இருந்தது.

ரோட்டில் ஒரு நெல் லாரி போனது.

“புவனா” என்றான் அவன்.

“யார் வச்சா இத?”

“சுப்பையா ஒர்க்‌ஷாப்புலதான் போட்டாங்க. நான்... ஆட்டம் குடுத்துச்சு. கடகடன்னு சத்தம். ஒனக்குச் சந்தேகம் வரும்னு...”

“நீ வச்சியா?”

கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவள் அவனை நீ என்று கூப்பிட்டதை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

“லோன் கெடைக்கல புவனா. ஒங்கண்ணன் முன்பணம் குடுத்திருந்தாரு. ஒங்க வீட்டுல எல்லாரும் ஃபுல் ஸ்பெக், ஃபுல் ஸ்பெக்குன்னு காத்துகிட்டு இருந்தாங்க. கூலிக்காரப் பய, பேசிக்கோட வந்து நிக்கறான்னு பேசமாட்டாங்களா? எல்லாரும்தான் மாத்தறாங்க. பம்பர் மாத்தறான், எழுத்து ஒட்டறான். நாம எப்ப இடிக்கப் போறோம்னு நெனச்சேன்.”

“யாரு பேசினா?” தனபாலன் கேட்டார். “நான் பேசினேனா? சைக்கிள் வாங்கிட்டு வந்திருந்தாலும் எலுமிச்சம்பழம் வச்சு வாங்கிருப்பனேடா.” அவர் முகம் கறுத்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை என் கையிலிருந்து வாங்கி வேனுக்குள் எறிந்தார்.

புவனா சட்டைத் துணியைக் கையில் வைத்தபடி இறங்கினாள். நேரே தியோ முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் கூப்பினாள். “அங்கிள், என்னைய மன்னிச்சிருங்க. நான் பேசக்கூடாததப் பேசிட்டேன்.” அவர் பொத்தானை விரலில் உருட்டிக்கொண்டே, “பரவால்லம்மா, பரவால்ல” என்றார். பரவாயில்லை என்கிற முகமாக அது இல்லை. அவர் பரவாயில்லை என்று சொல்லியிருக்கவும் வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் திரும்பினாள்.

“இடிச்சுட்டுப் படுத்துக் கெடந்தேனே. வாயில ரத்தம் ஒழுகிகிட்டு. அப்ப சொல்லிருக்கலாம்ல? அப்பக்கூட வாய் வரலையா ஒனக்கு? என் ரத்தத்தத் தொடச்ச கையாலயே, இடி பலமில்லன்னு சொன்ன.”

“பயந்துட்டேன்.”

“சரி. பல்லு என் பல்லு. போவட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லு. வண்டிய ரிப்பேர் பண்ணிக் கொண்டாந்ததுக்கு அப்பறம், தெனம் காலையில சட்டி பானைய நான் ஏத்துவேன். பிள்ளைய முன் சீட்டுல உக்கார வச்சு பெல்ட்டு மாட்டி விட்டது யாரு?”

அவன் தலை குனிந்தான்.

“யாருன்னு கேட்டேன்.”

“நான்தான்.”

“மாட்டி விட்டுட்டு, டேஷ்போர்டத் தட்டி, எம்பொண்ணு ராணி மாதிரி பத்திரமாப் போவான்னு சொன்னது யாரு? தெரிஞ்சே தட்டுனியா? ஒவ்வொரு நாளும் தெரிஞ்சே தட்டுனியா?”

அவள் அடிக்கவில்லை. அடித்திருந்தால் எங்கள் எல்லோருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அந்த நீலத் துணியை அவன் தோளில் போட்டாள், துண்டு போடுகிற மாதிரி. சாவியை அவன் சட்டைப் பாக்கெட்டில் போட்டாள்.

“ஒங் காடி. ஒங் கௌரவம். நீயே ஓட்டு. தனு, வா.”

“நான் வேன்ல கொண்டு போய் விடறேன் புவனா” என்றார் தனபாலன்.

“வேணாம்ணே. ஒங்களுக்குப் பயந்துதான அவரு இவ்வளவும் செஞ்சாரு. எனக்கு இன்னைக்கு எந்த ஆம்பள காடியும் வேணாம். பஸ்ஸுல போறோம்.”

எனக்கும் அவளோடு போகத்தான் தோன்றியது. நானும் கூடவே நடந்தேன். பதினெட்டு வெள்ளிக்கு அந்த எழுத்தை அவனுக்கு விற்றவள் நானாகத்தான் இருப்பேன். ஊரில் வேறு கடை இல்லை. அதை அவளிடம் சொன்னேன். “தெரியும்க்கா” என்றாள், நடையை நிறுத்தாமல். “ஒங்ககிட்ட அப்பறம் சண்ட போடறேன். இப்ப சும்மா வாங்க.”

பஸ் நிற்கிற இடம் பெரிய ரோட்டில் இருநூறு அடி தள்ளி. புகையும் வெயிலும். தனுஜா அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நடந்தாள். பின்னால் மெலோர் கிளம்புகிற சத்தம் கேட்டது. மெதுவாக எங்கள் பக்கத்தில் வந்து, நாங்கள் நடக்கிற வேகத்துக்கு ஊர்ந்தது. ஹார்ன் அடிக்க வழியில்லை. மூடியோடு அதுவும் போய்விட்டது. நடுவில் ஓட்டையாக இருந்த ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு, எட்டி இந்தப் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, கூப்பிட்டுக்கொண்டே வந்தான்.

“புவனா... ஏறு புவனா. வெயில்ல போவாத. தனும்மா, நீயாவது சொல்லும்மா... தனும்மா...”

பின்னால் வந்த லாரிக்காரன் விடாமல் ஹார்ன் அடித்தான். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். புவனா முன்னால் பார்த்தே நடந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு வந்து நின்றோம். காடியும் நின்றது. அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது. சொல்லுகிறேன், எனக்கு அப்போதும் இரக்கம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

சிவப்புப் பஸ் தூரத்தில் தெரிந்தது. தனுஜா அப்போதுதான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓர் எட்டு முன்னால் வைத்தாள். அவன் அவசரமாக முன்கதவைத் திறந்துவிட்டான்.

அவள் ஏறவில்லை. திறந்த கதவை அடித்துச் சாத்தினாள்.

“அப்பா” என்றாள் கண்ணாடி வழியாக. “பெல்ட்டு போடலப்பா நீங்க. போடுங்க. ஸ்டேரிங்குக்குள்ள ஒண்ணும் இல்ல.”

பஸ் வந்து நின்றது. நாங்கள் ஏறிக்கொண்டோம்.